பெரியவர்களிடம் ‘டீப்ஃபேக்’ பற்றிப் பேச எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது?

தையல்கடை, சுங்கை சிப்புட் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் கடை நடத்துகிறேன். ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெண்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்கள், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிர்ந்த பழம் பொறுக்கியவர்கள், லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிவந்தவர்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலையில் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பேச்சுத்துணை கைப்பேசிதான். நான் துணியில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் கைப்பேசியை வைத்து, “இதைக் கொஞ்சம் பாரம்மா, நிஜம்தானா?” என்று கேட்கிறார்கள்.

வரும் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அரைமணி நேரம், கணினியில் செய்யும் போலிப் படம், குரல், வீடியோ பற்றிப் பேசும்படி மாதர் பிரிவில் கேட்டிருக்கிறார்கள். பேசத் தயக்கமில்லை. எந்தச் சொல்லை வைத்துப் பேசுவது என்பதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். ஊரில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொன்னால் என் சிக்கல் புரியும்.

எங்கள் தாமானில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். ஓர் இரவு அவருக்கு அழைப்பு வந்தது. பேரன் குரல், ஒரே அழுகை. “பாட்டி, விபத்தில் மாட்டிக்கொண்டேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள்” என்று இரண்டு வாக்கியம். உடனே இன்னொருவர் கைப்பேசியை வாங்கித் தன்னைக் காவல்துறை அதிகாரி என்று சொல்லி, ஒரு வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்தார். பாட்டி விடிந்ததும் நகரத்துக்குப் போய்ப் பணம் போடும் இயந்திரத்தில் கையிருப்பை எல்லாம் போட்டுவிட்டார். பேரனோ சிங்கப்பூரில் இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான். செய்தி பரவியதும் ஊர் முழுக்க “ஏஐ (செயற்கை நுண்ணறிவு) செய்த வேலை” என்றே பேச்சு. பாட்டி என் கடைக்கு வந்து கேட்டார்: “யாரம்மா இந்த ஏஐ? எல்லாருக்கும் அவனைத் தெரிந்திருக்கிறதே, பிறகு ஏன் பிடிக்கவில்லை?” எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாம் கொடுத்த சொல் அப்படி. ஏமாற்றிய ஆளை மறைத்துவிட்டுக் கருவியைக் குற்றவாளியாக்கும் சொல்.

இரண்டாவது சம்பவம் இதற்கு நேர்மாறு. பழைய லயத்துக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றங்கரையில் ஒரு லாரி கழிவைக் கொட்டியதை, அங்கே இன்னும் குடியிருக்கும் ஒரு பெண் தன் சமையலறை ஜன்னல் வழியாகப் படம் பிடித்தார். லாரியின் பின்கதவு திறப்பதும் கறுப்புச் சேறு வழிவதும் தெளிவாகத் தெரிகிறது. குடியிருப்பாளர் கூட்டத்தில் அதைக் காட்டினார்கள். அந்த லாரியின் குத்தகைக்காரருடைய ஆள் எழுந்து, “இப்போதெல்லாம் ஏஐயில் எதை வேண்டுமானாலும் செய்யலாமே” என்றார். அவ்வளவுதான். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். படம் எடுத்த பெண் பொய்க்காரி போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவர் வாயே திறப்பதில்லை.

பாட்டியின் பணம் போனதற்கும் ‘ஏஐ’, உண்மையான காட்சியை ஒதுக்கித் தள்ளுவதற்கும் ‘ஏஐ’. ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. பத்திரிகையில் ஒரு நாள் ‘டீப்ஃபேக்’ என்று வருகிறது, இன்னொரு நாள் ‘ஆழ்போலி’ என்று வருகிறது. மண்டபத்தில் உட்காரப்போகிற பெண்களுக்கு இரண்டுமே வெறும் ஓசை. அவர்கள் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியைக் கையில் எடுக்கும்போது பயன்படுகிற சொற்கள் எனக்கு வேண்டும். இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்யாணகேமரா, ஈப்போ

அக்கா, வணக்கம். திருமண வீடியோ எடுப்பதும் எடிட் செய்வதும் என் தொழில். ‘ஏஐ’ என்று கருவியின் பெயரைச் சொல்லாமல், என்ன செய்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். நாங்கள் தொழிலில் அப்படித்தான் பிரிக்கிறோம்.

டீப்ஃபேக் என்ற சொல் 2017 கடைசியில் ரெடிட் தளத்தில் அந்தப் பெயரை வைத்திருந்த ஒருவரிடமிருந்து வந்தது. நடிகைகளின் முகத்தை ஆபாசப் படங்களில் பொருத்தி வெளியிட்ட ஆள் அவர். ஆக, முதலில் அது முகமாற்றத்தை மட்டும்தான் குறித்தது. 2023 நவம்பரில் நடிகை ராஷ்மிகா மந்தனா லிஃப்டில் நுழைவது போல ஒரு வீடியோ சுற்றியதே, அது இந்த வகை. உடல் வேறொரு பெண்ணுடையது, முகம் மட்டும் இவருடையது. இதை ‘முகம் மாற்றியது’ என்று சொன்னால் போதும், எந்தப் பாட்டிக்கும் புரியும்.

இப்போது நம் நாட்டில் பணம் பறிப்பதற்கு அதிகம் பயன்படுவது வேறு. அதை ‘வாய் மாற்றியது’ என்பேன். டத்தோ ஸ்ரீ சித்தி நூர்ஹலிசா, பூப்பந்து வீரர் லீ சோங் வெய் ஆகியோர் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைப்பது போல விளம்பரங்கள் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஆள் உண்மை, மேடை உண்மை, சட்டை உண்மை, கையசைவும் உண்மை. என்றோ அவர் கொடுத்த பேட்டி அது. வாய்ப்பகுதியை மட்டும் புதிய குரலுக்கு ஏற்றபடி கணினி திரும்ப வரைந்துவிடுகிறது. அதனால்தான் “அவர்தானே, எனக்குத் தெரியாதா?” என்று பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் கண்ணில் கோளாறு இல்லை, முகம் நிஜமாகவே அவருடையதுதான்.

இந்த வகையை எடிட்டிங் திரையில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்திருக்கிறேன். தமிழில் ப, ம இரண்டுக்கும் மேலுதடும் கீழுதடும் ஒட்டியே ஆக வேண்டும். ‘அம்மா’, ‘அப்பா’, ‘பணம்’ எல்லாம் உதடு ஒட்டாமல் வராத சொற்கள். சரியாகச் செய்யாத போலியில் ‘பணம்’ என்று காதில் விழும் நேரத்தில் உதடுகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், பற்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வெள்ளைக் கோடாக இழுபடும், தாடையின் ஓரம் கழுத்தோடு சேருமிடம் லேசாகக் கலங்கும். உதடு ஒட்டாமல் பாட வேண்டும் என்று இதழகல் பாட்டுக்கு இலக்கணம் வகுத்த மொழிக்காரர்கள் நாம். இதைக் கவனிக்கச் சொன்னால் நம் பெண்கள் நிச்சயம் கவனிப்பார்கள்.

ஆனால் ஒன்று. இப்படிக் குறை தெரிந்தால் போலி என்று சந்தேகிக்கலாம். குறை தெரியவில்லை என்பதற்காக உண்மை என்று முடிவுகட்டக் கூடாது. 2018இல் போலி முகங்கள் கண் சிமிட்டுவதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். கொஞ்ச நாளிலேயே சிமிட்டத் தொடங்கிவிட்டன. கணினி செய்த படத்தில் கைக்கு ஆறு விரல் இருக்கும் என்ற கதையும் அப்படித்தான் பழையதாகிவிட்டது. புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி அனுப்பி வீடியோவின் தரம் தேய்ந்த பிறகு உண்மையான வீடியோவிலும் பற்கள் கலங்கித்தான் தெரியும்.

அடுத்தது ‘குரல் நகல்’. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஓர் ஆய்வுக் கருவிக்கு ஒருவருடைய குரலில் 3 விநாடி மாதிரி போதும் என்றார்கள். பிறகு ‘முழுதும் கணினி ஆக்கியது’: கேமராவே இல்லை, ஆளே இல்லை, எழுதிக் கொடுத்த வரியிலிருந்து காட்சி பிறக்கிறது.

கடைசியாகச் சொல்வதுதான் ஊரில் மிக அதிகம் சுற்றுவது, ஏஐ துளியும் இல்லாதது. வேறு நாட்டில் என்றோ வந்த வெள்ளத்தை நேற்று இங்கே வந்ததாகச் சொல்வது, பேச்சின் நடுவில் வெட்டுவது, வேகத்தைக் குறைப்பது. 2019 மே மாதத்தில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி குடித்துவிட்டு உளறுவது போல ஒரு வீடியோ பரவியது. செய்தவர் வேகத்தைக் குறைத்ததைத் தவிர வேறு பெரிதாக எதுவும் செய்யவில்லை. இதற்கு ‘மலிவுப் போலி’ என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மண்டபத்தில் இதற்குத்தான் நேரத்தை அதிகம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாச் செயற்கைக் குரலும் ஏமாற்று என்றும் சொல்லிவிட வேண்டாம். 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில், 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்தினார். அடுத்த மாதம் அ.தி.மு.க. ஜெயலலிதாவின் குரலில் ஓர் உரையை வெளியிட்டது. ஏ.ஆர்.ரகுமான் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஒரு பாடலுக்குப் பயன்படுத்தி, குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். இறந்தவர்களைப் பேச வைப்பது எனக்கு உவப்பில்லை, அது வேறு விவாதம். ஆனால் ‘செய்தது’ என்று செய்தவரே அறிவித்ததும், ‘நிஜம்’ என்று சொல்லி நம் கழுத்தறுப்பதும் ஒன்றல்ல.

கைப்பேசிப்பழுது, கோல கங்சார்

இத்தனை வகை எதற்கு? என் கடைக்கு வருகிற பெரியவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்கிறேன். பேசுவது சாமியாகவே இருந்தாலும், முடிவில் வங்கிக் கணக்கு எண் வந்தால் வைத்துவிடுங்கள். பேரன் என்றால் பேரனின் பழைய எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997. மோசடிக்கென்று 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மையத்தின் எண் அது. வங்கியோடு சேர்ந்து பணத்தை நிறுத்தப் பார்ப்பார்கள். தாமதித்தால் பணம் கணக்கு மாறி மாறி ஓடிவிடும். பாட்டி அன்று காலையிலேயே அழைத்தாரா?

மொழிபெயர்ப்பாளர், தைப்பிங்

கைப்பேசிப்பழுது தம்பி சொன்னது பணத்துக்குச் சரி. அதை முதலில் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் ஆற்றங்கரை லாரிக்கு அது விடை சொல்லாது. எனக்கு அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைப் படித்ததும் பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டப்புறத்து மக்கள் சாட்சிக் கூண்டில் நின்று நடுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

குத்தகைக்காரரின் ஆள் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது. ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் அதற்குப் ‘பொய்யனின் ஆதாயம்’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். போலி பெருகிவிட்டது என்று மக்கள் நம்பத் தொடங்கினால், உண்மையில் மாட்டிக்கொண்டவனும் “இது போலி” என்று சொல்லித் தப்பலாம். போலியைச் செய்யாமலே போலியினால் லாபம். தையல்கடை அம்மா, நீங்கள் மண்டபத்தில் “எதையும் நம்பாதீர்கள்” என்று பேசினால் அந்த ஆளுக்குத்தான் உதவி செய்தவர் ஆவீர்கள். தயவுசெய்து அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள்.

நம் நாட்டில் இது ஏஐ வருவதற்கு முன்பே நடந்தது. 2007 செப்டம்பரில் அன்வார் இப்ராஹிம் ஒரு காணொளியை வெளியிட்டார். வழக்கறிஞர் ஒருவர் தொலைபேசியில் நீதிபதிகள் நியமனம் பற்றிப் பேசும் காட்சி. 2008 ஜனவரியில் அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது. காட்சியில் பேசியவர் என்று சொல்லப்பட்ட வழக்கறிஞர் வி.கே.லிங்கம் சாட்சி சொல்லும்போது, பார்க்க என்னைப் போல இருக்கிறது, கேட்கவும் என்னைப் போல இருக்கிறது என்ற அளவில் நின்றுகொண்டார். அந்தச் சொற்கள் நாடெங்கும் வழக்காகிவிட்டன, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆணையம் அங்கே நின்றுவிடவில்லை. படம் எடுத்தவரே வந்து, 2001இல் அவர் வீட்டில் தான் எடுத்தது என்று சாட்சி சொன்னார். இறுதியில், பேசியவர் லிங்கமே என்ற முடிவுக்கு ஆணையம் வந்தது. உதட்டையும் பல்லையும் பார்த்து மட்டும் தீர்ந்த விவகாரம் அல்ல அது. எடுத்தவர் யார், எப்போது, எங்கே, எந்தக் கருவியில், அதன் பிறகு யார் கையில் இருந்தது என்று கேட்டுத் தீர்த்தார்கள்.

அந்தப் பெண்ணிடம் இதையே சொல்லுங்கள். அவர் கைப்பேசியில் இருக்கும் மூலப் பதிவை அழிக்க வேண்டாம். புலனத்தில் வந்த நகலுக்கு மதிப்புக் குறைவு. மூலப் பதிவில் எடுத்த தேதியும் நேரமும் தங்கியிருக்கும். ஜன்னலிலிருந்து அதே கோணத்தில் பகலில் இன்னொரு படம் எடுத்து வைக்கட்டும். சேறு கிடக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் நேரில் பார்த்து எழுதி வைக்கட்டும். லாரியின் எண் தெரிந்தால் குறித்துக்கொள்ளட்டும். “ஏஐ” என்று சொன்னவரிடம், எந்தப் பகுதி மாற்றப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். லாரியா, ஆறா, சேறா? குற்றம் சுமத்துகிறவர் சொல்லட்டும். சாட்சிக் கூண்டில் இப்படி ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் பல பேருக்கு வாயடைத்துப் போகும்.

நீங்கள் கேட்டது சொற்கள். என் தொழிலில் தினமும் மொழிபெயர்த்த மூன்று சொற்களைத் தருகிறேன். 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில் இவை இருக்கின்றன: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படவில்லை. மூன்றாவதைத்தான் நம் மக்கள் மறந்துவிடுகிறார்கள். நிஜமா பொய்யா என்று இரண்டே பெட்டியை வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டியில் போடலாம் என்று அவசரப்படுகிறார்கள். ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்ல உரிமை உண்டு என்பதை மண்டபத்தில் அழுத்திச் சொல்லுங்கள். தெரியாததை மற்றவருக்கு அனுப்பாமல் இருந்தால் போதும், உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டி விஷயத்திலும் இதையே சொல்வேன். அது குரல் நகல்தானா? இரண்டு வாக்கியம், அழுகை, இரவு நேரம், பதற்றம். யாரோ ஒரு பையன் அழுதாலே பேரன் குரலாகக் கேட்டிருக்கும். இந்தத் தந்திரம் கணினிக்கு முன்பிருந்தே உண்டு. பதிவு இல்லாமல் அதை ஏஐ என்று சொல்ல முடியாது. ‘பேரன் போலப் பேசி ஏமாற்றினார்கள்’ என்று சொல்லுங்கள். அதில் ஏமாற்றியவன் ஒரு மனிதன் என்பது வந்துவிடுகிறது. பாட்டியின் கேள்விக்கும் அதுதான் பதில்.

இன்னொன்று. மண்டபத்துக்கு வருகிறவர்களில் பலர் பொய்ச்செய்தியை நல்லெண்ணத்தில் அனுப்பியிருப்பார்கள். 2017இல் ஐரோப்பிய மன்றத்துக்காக எழுதிய அறிக்கையில் கிளேர் வார்டிலும் ஹொசைன் தெரக்‌ஷானும் இதை அழகாகப் பிரித்தார்கள்: பொய் என்று தெரியாமல் பரப்புவது, தெரிந்தே பரப்புவது, உண்மையை வைத்தே ஒருவரைக் கெடுக்கப் பரப்புவது. முதல் வகைக்காரர்களைப் பொய்யர் என்று அழைத்தால் அடுத்த வெள்ளிக்கிழமை மண்டபத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

தையல்கடை, சுங்கை சிப்புட்

ஐயா, தம்பிமார்களே, கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். 997 பாட்டிக்குத் தெரியாது. பேத்தி வந்து இரண்டாம் நாள்தான் போலீசில் புகார் செய்தார்கள். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மண்டபச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டேன், தலைவரும் ஒப்புக்கொண்டார்.

படம் எடுத்த பெண்ணின் வீட்டுக்கு இன்று மாலை போனேன். மூலப் பதிவு இருக்கிறது. அழிக்க நினைத்திருந்தாராம். மகளின் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டோம். “லாரியா, ஆறா, சேறா என்று கேளுங்கள்” என்று ஐயா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னார்.

ஒரு சந்தேகம். யாராவது ஒரு வீடியோவை அனுப்பி “நிஜமா?” என்று கேட்டால், இரவு பத்து மணிக்கு நான் யாரைக் கேட்பது? எல்லாவற்றுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆறாம்படிவம், பாகான் செராய்

அக்கா, நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2025 ஜனவரியில் ‘ஐஃபா’ என்ற பெயரில் ஓர் உரையாடிக் கருவியைத் தொடங்கியது. புலனத்திலேயே கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். 2017இலிருந்து இயங்கும் ‘செபெனார்ஞா’ என்ற செய்தி சரிபார்ப்புத் தளத்தின் தகவல்களையும் அது பார்க்கிறது. ஏற்கெனவே சரிபார்த்த செய்திகளுக்கு நன்றாக உதவும். உங்கள் ஊர் லாரியைப் பற்றி அதனிடம் பதில் இருக்காது. அந்நியர் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ காவல்துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் புகார் வந்திருந்தால் காட்டும். வீடியோ என்றால் ஒரு காட்சியை நிறுத்திப் படமாக எடுத்து, கூகுள் லென்ஸில் தேடினால் பழைய படமா என்று பல நேரம் தெரிந்துவிடும். கேமரா தம்பி சொன்ன மலிவுப் போலியில் பாதி இதிலேயே பிடிபடும்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். மண்டபத்துக்குத் தாய்மார்கள் வருவார்கள் இல்லையா? 2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் 16 வயது மாணவன் ஒருவனைக் கைது செய்தார்கள். பள்ளித் தோழிகள் சமூக ஊடகத்தில் போட்ட சாதாரணப் படங்களை ஏஐ கொண்டு நிர்வாணப் படங்களாக மாற்றி விற்றான் என்பது குற்றச்சாட்டு. பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பலர் புகார் கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் ஆசிரியர் அறையிலேயே ‘அந்தப் பெண்களின் ஆபாசப் படம்’ என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அது அந்தப் பெண்ணின் படம் இல்லை. அந்த உடல் அவளுடையதே இல்லை. அவள் எதற்கும் இணங்கவில்லை, எங்கும் போய் நிற்கவில்லை, பள்ளிச் சீருடையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். ‘அவளுக்கு எதிராகச் செய்த போலிப் படம்’ என்று சொல்லுங்கள். தாயின் வாயில் முதலில் எந்தச் சொல் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை அடுத்த வாக்கியத்தைச் சொல்வாள், அல்லது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்று தொடங்கும் தாய்மார்களை ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் கூட்டத்தில் பார்க்கிறேன்.

சிறுவர்கள் சம்பந்தப்பட்டது என்றால் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட படம் கையில் கிடைத்தால், ‘ஆதாரத்துக்காக’ என்று சொல்லிக்கூட மற்றவருக்கு அனுப்பக் கூடாது. யார் அனுப்பினார், எந்தக் குழு, எத்தனை மணி என்பதைக் குறித்துக்கொண்டு நேராகக் காவல் நிலையம் போக வேண்டும். இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள் அக்கா. லாரிக்கும் பாட்டிக்கும் கொடுக்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

தையல்கடை, சுங்கை சிப்புட்

டீச்சர், ஐந்து நிமிடம் இல்லை, பத்து நிமிடம் கொடுக்கிறேன். அதைப் பேச நீங்களே வர முடியுமா? பாகான் செராயிலிருந்து தூரம்தான், வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம்.

நான் எழுதி வைத்திருக்கும் சொற்கள் இவை: முகம் மாற்றியது, வாய் மாற்றியது, குரல் நகல், முழுதும் கணினி ஆக்கியது, பழைய படத்துக்குப் புதிய கதை. கடைசியாக, இன்னும் தெரியவில்லை. மலிவுப் போலி என்பதைப் ‘பழைய படத்துக்குப் புதிய கதை’ என்று மாற்றிக்கொண்டேன். நேற்று கடையில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தபோது ‘மலிவு’ என்றதும் விலையைப் பற்றிக் கேட்டார்கள்.

கல்யாணகேமரா, ஈப்போ

வேகத்தைக் குறைப்பதும் நடுவில் வெட்டுவதும் அந்தப் பெயரில் அடங்காதே அக்கா. ‘வெட்டி ஒட்டியது’ என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை, நானும் வருகிறேன். என் முகத்தை வைத்தே ஒரு ‘வாய் மாற்றியது’ செய்து கொண்டுவருகிறேன். நான் சொல்லாத ஒன்றை நான் சொல்வது போல. அருகிலேயே மூல வீடியோவையும் ஓட்டினால் உதடு ஒட்டுவதும் ஒட்டாததும் கண்ணுக்கு நேராகத் தெரியும். தலைவர்கள் முகமோ நடிகர்கள் முகமோ வேண்டாம், அதை யாராவது கைப்பேசியில் பிடித்து வெளியே அனுப்பிவிட்டால் நாமே பரப்பியதாக ஆகிவிடும். ஓரத்தில் ‘செயற்கையாகச் செய்தது’ என்று எழுதியும் விடுகிறேன். மண்டபத்தில் புரொஜெக்டர் இருக்கிறதா, பூசை எத்தனை மணிக்கு முடியும்?

தையல்கடை, சுங்கை சிப்புட்

ஏழரைக்கு முடிந்துவிடும் தம்பி. புரொஜெக்டரைத் தமிழ்ப்பள்ளியில் இரவல் கேட்டிருக்கிறேன், திரைக்கு வெள்ளை வேட்டி நானே தைத்துத் தருகிறேன். ஒலிபெருக்கியை மட்டும் நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள். கோயிலில் இருப்பதில் ப, ம எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும்.